நடுக்கத்தாரும் டெலிபோனக்காவும்

தலை முழுக்க ஷாம்பு நுரையோடு, கண்ணை இறுக மூடிக்கொண்டு டெலிபோனக்கா குவளைக்குக் கை நீட்டியபோது, குவளை வைத்த இடத்தில் இல்லை. துழாவினாள். வாளியும் இல்லை. அவள் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் ஸ்டூல், யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல மெல்லச் சுவரோரம் நகர்ந்தது. மேல்வீட்டுக்காரர்கள் மறுபடியும் கட்டிலை இடம் மாற்றுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். "இதுங்களுக்கு வேற வேலையே இல்ல" என்று முணுமுணுத்த வாய்க்குள் நுரை புகுந்தது. அப்புறம்தான் அந்தச் சத்தம். அது மேலேயிருந்து வரவில்லை, காலுக்கு அடியிலிருந்து வந்தது. பாரம் ஏற்றிய லாரிகள் வரிசையாக வீட்டுக்குக் கீழே ஓடுவதுபோல ஓர் உறுமல். கண்ணைத் திறந்தாள். எரிச்சலுக்கு நடுவே மங்கலாகத் தெரிந்ததில், எதிர்ச்சுவர் அவளை நோக்கி வந்து, யோசித்து, திரும்பிப் போனது. விளக்கு அணைந்தது. குழாய் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் பீய்ச்சியது. அவள் வாளியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையோடு தரையாகக் கிடந்தாள். வாய் தன்பாட்டில் "அம்மா அம்மா" என்றது. அறுபதைத் தாண்டியவள், அம்மாவை நினைத்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

ஆட்டம் நின்றபோது, உலகத்தில் அவ்வளவு அமைதியை அவள் கேட்டதில்லை. பிறகு தெருவிலிருந்து ஒரே சமயத்தில் எல்லோரும் கத்த ஆரம்பித்தார்கள்.

மேலே இருந்த சின்ன ஜன்னல் வழியாகப் புழுதி கலந்த வெளிச்சம் கொஞ்சம் இறங்கியது. துண்டைச் சுற்றிக்கொண்டு தட்டுத்தடுமாறிப் போய்த் தாழ்ப்பாளை இழுத்தாள். தாழ்ப்பாள் திறந்தது, கதவு திறக்கவில்லை. வெளியே தள்ளித் திறக்கும் கதவு அது. தோளால் இடித்தாள். சட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கதவின் தலையைக் கவ்விக்கொண்டிருந்தது. மறுபடி இடித்தாள். கூரையிலிருந்து காரை உதிர்ந்து நுரையில் ஒட்டியது.

வீட்டில் இருந்தது இன்னும் ஒரே ஒருவர். அவரிடம் அவள் பேசி இரண்டு வாரம் ஆகிறது.

அவர் அவளுடைய தங்கையின் புருஷர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். முகத்துக்கு நேரே எல்லோரும் கண்ணாடிக்காரர் என்பார்கள், முதுகுக்குப் பின்னால் நடுக்கத்தார். கடையில் இருக்கிறவரை வாய் திறக்காத மனுஷர். எழுத்துப் பலகையைக் காட்டி "இது தெரியுதா, இது தெரியுதா" என்பதைத் தாண்டி ஒரு சொல் அதிகம் பேச மாட்டார். வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் போதும், ஏதாவது ஒரு நூற்றாண்டில் எங்கேயாவது ஓர் ஊர் இடிந்து விழும். லிஸ்பனில் பண்டிகை நாள் காலையில் தேவாலயங்கள் நிரம்பி வழிந்த நேரம் பார்த்துப் பூமி ஆடியது, தப்பித்தவர்கள் கரைக்கு ஓடினால் கடல் உள்வாங்கிக் கிடந்தது, வேடிக்கை பார்த்தவர்கள்மேல் அலை திரும்பி வந்தது என்பார். தம்போரா எரிமலை வெடித்ததற்கு அடுத்த வருஷம் பல தேசங்களில் கோடைக்காலமே வரவில்லை என்பார். கிராகடோவா வெடித்த சத்தம் நாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு தீவில் பீரங்கிச் சத்தம்போலக் கேட்டது என்று அவர் சொன்ன அன்று, டெலிபோனக்காவுக்குப் பொறுக்கவில்லை. "நாலாயிரமா? எங்க எக்ஸ்சேஞ்ச்ல பக்கத்து ஊருக்கே தொண்டை கிழியக் கத்தணும். எந்த லைன்ல கேட்டுச்சாம்?" தங்கை சோற்றுப் பருக்கை மூக்கில் ஏறும்வரை சிரித்தாள். அவரும் கோபித்துக்கொள்ளாமல், "நல்ல கேள்வி அண்ணி" என்று சொல்லிவிட்டு அடுத்த எரிமலைக்குப் போனார்.

கல்யாண மண்டபத்துக்குப் போனால் அவர் மாப்பிள்ளை பெண்ணைப் பார்க்க மாட்டார். தூணைப் பார்ப்பார், வாசலைப் பார்ப்பார். ஒவ்வொரு கட்டிலுக்கு அடியிலும் ஒரு ஜோடிச் செருப்பு இருக்க வேண்டும், கண்ணாடிச் சில்லில் கால் வைக்காமல் ஓடுவதற்கு. பீரோக்களையெல்லாம் சுவரோடு சேர்த்துத் திருகியிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சட்டம் இருந்தது. ஆட்டம் நின்றதும் அவரவர் நேராக விளையாட்டு மைதானத்துக்குப் போய்விட வேண்டும். யாரும் யாரையும் தேடிக்கொண்டு வரக் கூடாது. "ஒருத்தரத் தேடப் போயி ரெண்டு பேர் போன கதை எங்கிட்ட எத்தனையோ இருக்கு" என்பார். தெருமுனை பேக்கரிக்காரர்தான் அவருக்கு நடுக்கத்தார் என்று பேர் வைத்தவர். "வாங்க நடுக்கத்தாரே, இன்னிக்கு பூமாதேவிக்கு உடம்பு எப்படி?" என்று நேருக்கு நேராகவே கேட்கிற ஒரே ஆளும் அவர்தான்.

டெலிபோனக்கா இந்த வீட்டுக்கு வந்தது புருஷன் போன பிறகு. முப்பது வருஷம் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு ஊரின் சுகதுக்கங்களை இணைத்துக் கொடுத்தவள். அந்தக் குரலுக்கு மரியாதை இருந்தது. குரலைக் கேட்டே, பேசுகிறவர் நிற்கிறாரா உட்கார்ந்திருக்கிறாரா, கடன் கேட்கப் போகிறாரா கல்யாணம் சொல்லப் போகிறாரா என்று சொல்லிவிடுவாள். தங்கையும் தங்கை புருஷரும் அவளைத் தாங்கத்தான் செய்தார்கள். ஆனாலும் ஒண்ட வந்தவள் என்ற எண்ணம் செருப்புக்குள் போன மணல் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் அந்தப் படம். அவள் கட்டிலுக்கு நேர் மேலே, புருஷனின் பெரிய படம், கனமான கண்ணாடி போட்டு மாட்டியிருந்தாள். காலையில் கண் விழித்ததும் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொள்வாள். ஒரு நாள் கோயிலுக்குப் போய்விட்டு வந்தால் சுவரில் வெறும் ஆணி. கண்ணாடிக்காரர் அதைக் கழற்றி, பழைய வேட்டியில் பத்திரமாகச் சுற்றி, பீரோவின் அடித்தட்டில் வைத்திருந்தார். "தலைக்கு மேல தொங்குது அண்ணி, ராத்திரி விழுந்தா என்ன ஆகும்" என்று அவர் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. வேட்டியில் சுற்றிப் படுக்க வைத்திருந்தது மட்டும்தான் கண்ணில் நின்றது. ஒரு தடவை அப்படிப் பார்த்தது போதாதா? படத்தை எடுத்து அதே ஆணியில் மாட்டினாள். அன்றிலிருந்து "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லு, ரசத்துல உப்பு கம்மி" என்றும், "உங்கக்காகிட்ட கேளு, காய்கறி ஏதாவது வாங்கணுமான்னு" என்றும் எல்லாம் தங்கை வழியாகத்தான் போய் வந்தது. தங்கைக்கும் தெரியாமல், ரயில் நிலையம் பக்கம் இருக்கிற முதியோர் விடுதிக்குப் போய் ஓர் அறையும் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

இப்போது தங்கை கடையில் இருந்தாள். காலையில் அவள் போய்க் கடை திறப்பாள். அவர் சமையலை முடித்துக் கேரியரோடு பின்னால் போவார்.

கதவுக்கு வெளியே காலடி கேட்டது. செருப்புக் காலடி. கண்ணாடிச் சில்லுகள் நொறுங்கின. காலடி கதவருகே வந்து நின்றது. தொண்டையைச் செருமுகிற சத்தம்.

"உள்ள இருக்கறவங்க... பத்திரமா இருக்காங்களா?"

 சேதி சொல்ல நடுவில் தங்கை இல்லை. பழக்க தோஷத்தில் டெலிபோனக்காவின் வாய் தானே பேசியது.

"இருக்காங்கன்னு சொல்லு."

யாரிடம் சொல்கிறோம் என்று உறைக்க இரண்டு பேருக்குமே சற்று நேரம் பிடித்தது.

"அண்ணி," என்றார் அவர். "அடி கிடி பட்டுதா?"

"ஒண்ணும் இல்ல. கதவுதான் திறக்கல. கேஸ மூடுனீங்களா?"

"அதுதான் முதல்ல. நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, இழுத்துப் பாக்கறேன்."

இழுத்தார். மெலிந்த மனுஷர், கண்ணாடியின் காதுக்கம்பியை வளைத்தே பழகிய கை. கைப்பிடி கழன்று வந்து அவர் எங்கேயோ போய் விழுகிற சத்தம் கேட்டது. எழுந்து வந்தார்.

"கீல் இந்தப் பக்கந்தான் இருக்கு. ஸ்க்ரூவக் கழட்டிட்டா கதவு கையோட வந்துடும்."

"அப்ப கழட்டுங்க."

"பெயின்ட் அடிச்சு மூடியிருக்கு அண்ணி. ஸ்க்ரூ தலைல இருக்கற காடியே தெரியல."

"எந்த மடையன் ஸ்க்ரூ மேல பெயின்ட் அடிச்சான்?"

 "நான்தான்" என்றார்.

சமையல் கத்தியால் அவர் பெயின்டைச் சுரண்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் ஆடியது. முதல் தடவை என்னவென்று புரிவதற்குள் முடிந்துவிட்டது. இந்தத் தடவை அது வருவது தெரிந்தது. தூரத்துச் சத்தமாகத் தொடங்கித் தெருவைத் தாண்டி, படியேறி, அவள் பாதத்துக்கு வந்தது. மேலே எங்கோ செங்கல் சரிந்தது. ஓடுகிற காலடிக்காக அவள் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஓடத்தான் வேண்டும், அதுதான் சட்டம். காலடி கேட்கவில்லை.

"மாப்ள?"

"இருக்கேன் அண்ணி."

"ஏன் இருக்கீங்க? போங்க வெளியில! ஊருக்கெல்லாம் சட்டம் சொல்லிட்டு நீங்க இங்க குந்திக்கிட்டு இருக்கீங்க. அவ மைதானத்துல வந்து நின்னுக்கிட்டு இருப்பா."

"முதல் ஸ்க்ரூ வரப் போகுது."

"நான் சொல்றதக் கேளுங்க. நான் இந்த வீட்ல இன்னும் கொஞ்ச நாள் இருக்கப்போறவ. விடுதி பாத்துட்டேன். அடுத்த மாசம் போறேன். போறவளுக்காக நீங்க எதுக்கு உசுரக் குடுக்கணும்?"

சுரண்டல் நின்றது. இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று அவளுக்கே பட்டது. கதவின் பலகையில் காதை வைத்தாள்.

"எந்த மாடி?" என்றார் அவர்.

"என்னது?"

"விடுதில. எந்த மாடில ரூம் குடுக்கறாங்க?"

"அஞ்சாவது."

"அஞ்சாவதா!" அவர் குரல் கீச்சிட்டது. "அந்தக் கட்டடத்தோட கீழ்த்தளம் பூரா கார் நிறுத்தற இடம் அண்ணி, வெறும் தூணு. ஒரு சுவர்கூடக் கெடயாது. அங்கயா போறேங்கறீங்க? எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?" மறுபடி சுரண்ட ஆரம்பித்தார். முன்னைவிடக் கோபமாக. "அஞ்சாவது மாடியாம்!"

அவளுக்குச் சிரிப்பு வந்தது.  அதை அடக்கியபோதுதான், இவ்வளவு நேரம் அவர் சொற்களை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த காது, அவர் குரலைக் கேட்டது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடியில் ஒரு மெல்லிய அதிர்வு. நாக்கு ஒட்டிக்கொள்கிற அளவுக்கு வாய் உலர்ந்திருந்தது. முழங்கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார். கத்தி காடியில் நிற்காமல் திரும்பத் திரும்ப வழுக்குவது பெயின்டால் அல்ல, கை நடுங்குவதால். இந்தக் குரலை அவள் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரிக்கு அவசரமாக லைன் கேட்கிறவர்களின் குரல். வாழ்நாள் முழுக்க எதை நினைத்துப் பயந்தாரோ அது வந்தே விட்டது. மனுஷர் அதற்கு நட்டநடுவில் உட்கார்ந்து அவளுக்காக ஸ்க்ரூ கழற்றிக்கொண்டிருக்கிறார்.

அந்தக் காலத்தில் அவளிடம் ஒரு வழி இருந்தது. லைன் கிடைக்கிறவரை அவர்களைப் பேச வைப்பாள். அங்கே மழையா, எத்தனை பிள்ளைகள், ஏதாவது ஒன்று. பேசிக்கொண்டிருக்கிறவன் உடைய மாட்டான்.

"மாப்ள, அந்த ஜெயில்காரன் கதை ஒண்ணு பாதில விட்டீங்களே."

"எது?"

"ஏதோ எரிமலை. ஊரே செத்துப் போச்சு, ஜெயில்ல இருந்தவன் மட்டும் பொழச்சான்னு ஆரம்பிச்சீங்க. சோத்து நேரத்துல எழவு பேசாதீங்கன்னு நான்தான் நிறுத்தினேன்."

"பெலே," என்றார் உடனே. "மார்ட்டினிக் தீவுல. இப்பவா அண்ணி?"

"இங்க எனக்கு வேற என்ன வேலை? சொல்லுங்க."

சொன்னார். முதலில் திக்கித் திக்கி. மலை பல நாளாகவே புகைந்துகொண்டிருந்தது, சாம்பல் விழுந்தது, ஜனங்கள் அப்படியும் ஊரைவிட்டுப் போகவில்லை. ஒரு நாள் காலையில் மலை வாயைத் திறந்தது. நெருப்புக் காற்று இறங்கி வந்தது. ஏறக்குறைய முப்பதாயிரம் பேர், சில நிமிஷத்தில். கதை மலையிலிருந்து இறங்க இறங்க அவர் குரல் சாப்பாட்டு மேசைக் குரலாக மாறிக்கொண்டு வந்தது. கத்தி காடியில் நின்றது. ஒரு ஸ்க்ரூ தரையில் விழுந்து உருண்டது.

"இவன் தனி அறைல இருந்தான். கல்லுச் சுவரு. ஜன்னல் கெடயாது. கதவுல சின்ன ஓட்டை, அவ்வளவுதான்."

"எதுக்கு உள்ள போட்டாங்க?"

"ஏதோ அடிதடின்னு சொல்றாங்க."

"குடும்பம் உண்டா?"

"அதெல்லாம் நான் படிக்கல அண்ணி. ஒடம்பெல்லாம் வெந்து போச்சு, ஆனா உசுரு இருந்துச்சு. நாலு நாள் கழிச்சு மீட்க வந்தவங்க இவன் கத்தறதக் கேட்டு..."

"நாலு நாளா!"

"உங்களுக்கு நாலு நாள் ஆகாது. மேல் கீல் வந்துடுச்சு."

"அப்பறம் என்ன ஆனான்?"

"சர்க்கஸ்ல சேத்துக்கிட்டாங்க. ஊர் ஊராக் கொண்டு போயி, அழிஞ்ச ஊர்ல பொழச்ச ஆளுன்னு காட்டுனாங்க."

"அதானே பாத்தேன். என்னையும் கடை வாசல்ல ஸ்டூல் போட்டு உக்கார வெச்சு டிக்கெட் போட்டுடாதீங்க."

வெளியே ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்பு என்று அடையாளம் காண அவளுக்கே கொஞ்ச நேரம் ஆயிற்று. பதினைந்து வருஷப் பழக்கத்தில் அவர் சத்தம் போட்டுச் சிரித்து அவள் கேட்டதே இல்லை.

கடைசி ஸ்க்ரூ விழுந்ததும், "கதவப் பிடிச்சுக்கறேன், வாங்க" என்றார்.

"இருங்க! இன்னும் நைட்டியே மாட்டல!"

"நான் திரும்பி நின்னுக்கறேன்."

"திரும்பி நின்னா கதவு உங்க முதுகுல விழும்."

"விழட்டும் அண்ணி, சீக்கிரம்!"

ஈரத்தில் ஒட்டிக்கொண்ட நைட்டியை முன்னும் பின்னும் தெரியாமல் தலைவழியே இழுத்துவிட்டு அவள் வெளியே வந்தபோது, கண்ணாடிக்காரர் கூடத்துப் பக்கம் முகத்தைத் திருப்பி, கண்களையும் மூடிக்கொண்டு, கதவை முதுகில் சுமந்து கூனிக்கொண்டிருந்தார். விரல்களெல்லாம் ரத்தம். கதவைப் பிடித்து ஓரமாகச் சாய்த்தாள். தன் அறையைத் தாண்டும்போது இருவருமே உள்ளே பார்த்தார்கள். படம் அதே ஆணியில், ஓர் இழை சாயாமல் தொங்கியது. அதற்குக் கீழே, அவர் சுவரோடு திருகியிருந்த பீரோ சுவரின் காரையையும் பிடுங்கிக்கொண்டு கட்டிலின்மேல் குப்புற விழுந்து கிடந்தது. தலையணை இருந்த இடம் தெரியவில்லை.

அவர் நின்றுவிட்டார். "நான் போட்ட ஸ்க்ரூ" என்றார். முகம் சுண்ணாம்பாகியிருந்தது. "அண்ணி, நான் போட்ட..."

இரண்டு வாரமாக இப்படி ஒரு சமயத்துக்காகத்தான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஆனால் அவர் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பினாள்.

"நான்தான் குளிச்சுக்கிட்டு இருந்தேனே," என்றாள். "நடங்க."

படிக்கட்டில் பாதியில் ஒரு வெடிப்பு, கை நுழைகிற அகலம். அதன் வழியாகக் கீழ்வீட்டுச் சமையலறை தெரிந்தது. அவர் அங்கேயே உறைந்து கைப்பிடிச் சுவரைக் கட்டிக்கொண்டார். கதவைத் திறக்கிறவரை இருந்த தைரியம் கதவோடு கழன்றுவிட்டது. "கண்ண மூடிக்கங்க, என் தோளப் பிடிங்க" என்று முன்னால் இறங்கினாள்.  அப்போது கீழேயிருந்து யாரோ மூச்சிரைக்க ஏறி வந்தார்கள். தங்கை. முழங்கையில் சிராய்ப்பு, ஒரு காலில் செருப்பில்லை, தலையெல்லாம் வெள்ளைப் புழுதி.

கண்ணாடிக்காரர் கண்ணைத் திறந்தார். "உன்ன மைதானத்துக்குத்தானே போகச் சொன்னேன்!"

"நீங்க போனீங்களா?" என்றாள் அவள். அப்படியே படியில் உட்கார்ந்து, இருவர் கையையும் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

மைதானத்தில் ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. கோல் கம்பங்களுக்கு இடையே யாரோ போர்வை கட்டிக் குழந்தைகளைப் படுக்க வைத்திருந்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் யாரையோ எண்ணிக்கொண்டிருந்தது. அன்று கண்ணாடிக்காரரைச் சுற்றி ஆட்கள் கூடியதைப்போல அதற்கு முன் எப்போதும் கூடியதில்லை. அவரைப் பார்த்துச் சிரித்தவர்களெல்லாம் வந்தார்கள். "இனிமேயும் வருமாங்க? பெருசா வருமா?" என்று கேட்டார்கள். இதற்கு அவரிடம் ஒரு மணி நேரப் பதில் இருப்பது டெலிபோனக்காவுக்குத் தெரியும். அவர் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். "அத யாராலயும் சொல்ல முடியாதுங்க. ஆனா இங்க மைதானத்துல தலைல விழறதுக்கு ஒண்ணும் இல்ல. இங்கயே இருங்க" என்று மட்டும் சொன்னார். அதையே ஒவ்வொருவருக்கும் திரும்பத் திரும்பச் சொன்னார்.

சொல்லும்போதெல்லாம் அவர் கண் மைதானத்து வாசல் பக்கமே போய் வந்தது. பேக்கரிக்காரர் வரவில்லை. கடைக்கு மேலேயே அவர் வீடும். சாயங்காலம் மீட்புக்காரர்கள் அந்தப் பழைய கட்டடத்தின் பக்கமிருந்து ஒன்றும் பேசாமல் திரும்பி வந்தபோது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. கண்ணாடிக்காரர் கொஞ்சம் தள்ளிப் போய்ப் புல்தரையில் உட்கார்ந்தார். தங்கை எழப் போனாள். டெலிபோனக்கா அவளை அமர்த்திவிட்டுத் தானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குப் பேர் வெச்சவன் அண்ணி" என்றார். "கடைசியா நேத்து சாயங்காலம் கூப்ட்டான். வேலை இருக்குன்னு திரும்பிப் பாக்காம வந்துட்டேன்."

 லைன் கிடைக்காத இடத்தில் ஆப்பரேட்டர் பேசக் கூடாது. கூடவே இருந்தாள்.

மறுநாள் ஒரு விசித்திரம் தெரிந்தது. மைதானத்தில் பாதிப் பேர் தடவித் தடவி நடந்தார்கள். காலை நேரத்தில் போட்டது போட்டபடி ஓடி வந்தவர்கள். மூக்குக்கண்ணாடி மேசையில், அலமாரியில், இடிபாட்டில். மருந்துச் சீட்டைப் படிக்க முடியவில்லை, காணாமல் போனவர்கள் பலகையில் பேர் தேட முடியவில்லை. ஒரு கிழவர் வேறொரு குடும்பத்தின் போர்வைக்குள் போய் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தார். தங்கைதான் முதலில் எழுந்தாள். "கடைல அந்த டிரங்குப் பெட்டி இருக்குமே" என்றாள். புதுக் கண்ணாடி வாங்குகிறவர்கள் விட்டுப் போன பழைய கண்ணாடிகளைத் தூக்கிப்போட மனசில்லாமல் அவர் சேர்த்து வைத்திருந்த பெட்டி அது. மீட்புக்காரர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனாள். கடையின் முகப்பும் அலமாரிகளும் கண்ணாடித் தூளாகக் கிடந்தன. பெட்டி மட்டும் மேசைக்கு அடியில் நெளிந்து கிடந்தது. தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

கோல் கம்பத்தின் ஓரம் ஒரு நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தார்கள். எதிரே ஓர் அட்டைப் பெட்டியில் கரியால் பெரிசும் சிறிசுமாக எழுத்துகளை எழுதிச் சாய்த்தார்கள். விரல்களில் கட்டோடு அவர் ஒவ்வொரு கண்ணாடியாக எடுத்து மாட்டிவிட்டார். "இது தெரியுதா? இது?" யாருடைய கண்ணாடியோ யாருடைய மூக்கிலோ ஏறியது. மீசை வைத்த போலீஸ்காரருக்குச் சிவப்பு விளிம்பில் மினுக்குக் கல் வைத்த பெண்பிள்ளைக் கண்ணாடிதான் பொருந்தியது. "நல்லாத் தெரியுதுங்க" என்று சொல்லி அதோடேயே பணிக்குப் போனார். நர்ஸுக்கு ஒரு பள்ளிக்கூடப் பையனின் கண்ணாடி, காது வரை எட்டவில்லை, நூலால் கட்டிக்கொண்டாள். கூட்டம் முண்டியடித்தபோது டெலிபோனக்கா எழுந்து நின்றாள். முப்பது வருஷக் குரலை மறுபடி வெளியே எடுத்தாள். "வரிசைல வாங்க. ஒவ்வொருத்தரா. தயவுசெஞ்சு காத்திருக்கவும்." மைதானமே ஒழுங்காக நின்றது.

மதியம் வாக்கில் பேக்கரிக்காரரின் மனைவி வந்தாள். முந்தின நாள் காலை தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பித்தவள். அழுது அழுது இமை வீங்கியிருந்தது. கண்ணாடிக்காரர் எழுந்து நின்று அவளை நாற்காலியில் உட்கார வைத்து, தான் புல்லில் முழங்கால் போட்டார். பெட்டியில் வெகு நேரம் தேடினார். ஒன்றை மாட்டினார், எடுத்தார். இன்னொன்று. நாலாவதோ ஐந்தாவதோ மாட்டியபோது அவள் எழுத்துப் பலகையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள்.

"உங்க முகம் தெரியுது நடுக்கத்தாரே" என்றாள்.

அவர் தலையை அசைத்தார். காதுக்கம்பியை லேசாக வளைத்துச் சரிசெய்தார், தேவையில்லாமல் இன்னொரு தடவையும் சரிசெய்தார்.

அப்போது மறுபடி ஆடியது. பெரிசில்லை. பெட்டிக்குள் கண்ணாடிகள் ஒன்றோடொன்று உரசிக் கலகலத்தன. வரிசை அப்படியே நின்றது. ஒருவரும் ஓடவில்லை. போலீஸ்காரர், நர்ஸ், கிழவர், பேக்கரிக்காரரின் மனைவி என்று அத்தனை பேரும் இரவல் கண்ணாடிகளோடு தலையைத் தூக்கி, மைதானத்தின் ஓரத்தில் விளக்குக் கம்பம் இப்படியும் அப்படியும் ஆடுவதைப் பார்த்தார்கள். கம்பம் மெல்ல மெல்ல வேகம் குறைந்து, தன் இடத்துக்கு வந்து நிற்கிறவரை பார்த்தார்கள்.

"அடுத்தவங்க வாங்க" என்றாள் டெலிபோனக்கா.